விர்ச்சுவல்பாக்ஸில் பச்சை ஆமை போக மாட்டேன் என்கிறது

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் 7 (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதில் உபுண்டு 24.04 லினக்ஸ் ஓட்டுகிறேன். போன மாதம் விண்டோஸ் 11 அப்டேட் ஏறியதிலிருந்து ஒரே இழுவை. டெர்மினலில் எழுத்தைத் தட்டினால் நின்று நிதானமாகத்தான் திரைக்கு வருகிறது. கீழ்ப்பட்டையில் சிப் படம் இருந்த இடத்தில் பச்சை ஆமை. விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் அமைப்பான ஹைப்பர்-வி குறுக்கே நிற்பதற்கு அதுதான் அடையாளம்.

கணினி: இன்டெல் ஐ5-8400, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. விஎம்முக்கு (உபுண்டு ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு) 4 கோர், 6 ஜிபி.

பயாஸில் விடி-எக்ஸ் (இன்டெல் சிப்பின் விர்ச்சுவலைசேஷன் வசதி) ஆனில்தான் இருக்கிறது. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் எல்லாம் டிக் எடுத்தாயிற்று (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போச்சு, பரவாயில்லை). விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி ஆஃப். பிசிடிஎடிட் (பூட் அமைப்புகளை மாற்றும் கட்டளை) வழியாக ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப்பையும் ஆஃப் செய்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தி, முழுக்க அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்புறமும் எம்எஸ்இன்ஃபோ32 (கணினி விவரம் காட்டும் கருவி) திறந்தால் 'விர்ச்சுவலைசேஷன் பேஸ்டு செக்யூரிட்டி' (விபிஎஸ்) ரன்னிங் என்றே காட்டுகிறது. விஎம்மை அழித்துப் புதிதாகப் போடச் சொல்கிறார் நண்பர். கோளாறு ஹோஸ்ட்டில் (விண்டோஸில்) இருக்கும்போது அதில் என்ன பயன்?

விபிஎஸ் யூஇஎஃப்ஐ லாக்கோடு (விண்டோஸில் சாதாரணமாக அணைக்க முடியாதபடி ஃபர்ம்வேரில் பதியும் பூட்டோடு) ஆன் ஆகியிருக்குமோ என்று சந்தேகம். விண்டோஸை மறுபடி நிறுவாமல் அதை முழுதாக அணைக்க என்ன வழி?