கடல்மீன் தொட்டியில் பிஎச் 7.6ஐ விட்டு ஏறுதில்லை, அவசரம்

புதுவூர்_நீமோ | திங்கள், காலை 5:48
எல்லாருக்கும் வணக்கம். தொட்டியில் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.6 காட்டுது. இரண்டு நீமோவும் (கோமாளி மீன்) ஒரு துப்புரவு இறாலும் நிற்கின்றன. மீன் கடையில் அப்பச்சோடா போடச் சொன்னார்கள், போட்டுக்கொண்டு வருகிறேன். பின்னேரம் கொஞ்சம் ஏறுது, அடுத்த நாள் பார்த்தால் திரும்ப அதே 7.6. மீன்கள் சாப்பிடுகின்றன, ஆனாலும் பயமாக இருக்கிறது. என்ன போட்டால் 8.2க்கு வரும்? கெதியாகச் சொல்லுங்கோ.

மன்னார்க்கரை | காலை 6:30
தம்பி, தொட்டி எத்தனை லீற்றர்? எதால் அளந்தீர்கள், பேனை மீற்றரா, நிறம் பார்க்கிற திரவமா? காரத்தன்மை, அதாவது பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற இருகாபனேற்று, எவ்வளவு? உப்பு எவ்வளவு? தண்ணீர் எங்கே எடுத்தது? இவை தெரியாமல் எதையும் போடச் சொல்ல முடியாது.

கிணத்தடி | காலை 7:05
வற்றுகிற தண்ணீருக்கு என்ன ஊற்றுகிறீர்கள்? கிணற்றுத் தண்ணீர் என்றால் பிரச்சினை அங்கேதான். எங்கள் பக்கக் கிணறுகளில் கேத்தில் ஒரு மாதத்தில் வெள்ளை பிடிக்கிறது. உப்பு ஆவியாவதில்லை, தண்ணீர் மட்டும்தான் போகும். அந்த இடத்தைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் அதில் உள்ள கல்சியம், நைத்திரேற்று எல்லாம் தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும். குடிக்க எடுக்கிற ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள்.

மன்னார்க்கரை | காலை 7:21
ஆர்ஓ நல்லதுதான். ஆனால் கடினமான கிணற்றுத் தண்ணீர் பிஎச்சை இறக்காதே, அது காரத்தைக் கூட்டத்தானே பார்க்கும். இந்தக் கேள்விக்கு அது விடை இல்லை.

முகத்துவாரம் | காலை 8:40
தண்ணீர் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியிலா எடுத்தது? எந்தப் பக்கம்? பாலத்தடியில் இறங்கி அள்ளினால் அது நந்திக்கடல் களப்புத் தண்ணீர், கடல்நீர் இல்லை. மாரியில் முகத்துவாரம் வெட்டினால் வெளியே கரையோரத்திலும் உப்பில்லாத நல்ல தண்ணீர் கலந்திருக்கும். உப்புக் குறைந்த தண்ணீரில் காரத்தன்மையும் குறையலாம். பலருடைய தொட்டியில் நடப்பது இதுதான்.

அலைவாசி | காலை 9:12
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தரம் வந்துவிட்டது. முதலில் பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். கடல்மீன் வளர்ப்பது தங்கமீன் வளர்ப்பது மாதிரி இல்லை. இதற்கு அடிப்படை இரசாயனம் தெரிந்திருக்க வேண்டும். பேனை மீற்றரோடு வருகிற 6.86, 9.18 தூள் பைக்கற்றுகளைக் கரைத்து மீற்றரைச் சரிபார்த்தீர்களா? செய்திருக்க மாட்டீர்கள். புதியவர்கள் ஒருவரும் செய்வதில்லை. மற்றது, பிஎச் குறைவு என்றால் காரம் குறைவு என்றுதான் அர்த்தம். சோடாவைக் கூட்டிப் போடுங்கள்.

புதுவூர்_நீமோ | காலை 11:55
எல்லாருக்கும் நன்றி. 120 லீற்றர். பேனை மீற்றர். முல்லைத்தீவுக் கடற்கரையில் கானில் எடுத்த தண்ணீர், வட்டுவாகல் இல்லை. உப்பு 1.025 (சாரடர்த்தி), கடல்நீர் அளவுதான். காரத்தன்மை பார்க்கிற கிற் என்னிடம் இல்லை, கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும். வேலைக்குப் போகிறேன், இரவு வாறேன்.

தேரடி_வாசன் | பகல் 12:20
கடற்கரையில் ஒதுங்குகிற முருகைக்கல் கொஞ்சம் பொறுக்கி வடிகட்டிக்குள் போடுங்கள். கல் கரைந்து தானாக ஏற்றிவிடும்.

மன்னார்க்கரை | பகல் 12:48
அது வேலை செய்யாது. முருகைக்கல் கல்சியம் காபனேற்று. தண்ணீர் 7.6இல் நிற்கும்போது குறிப்பிடும்படியாகக் கரையாது. அதோடு இலங்கையில் கல்முருகைகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கையோடு அகப்பட்டால் வழக்கு. மன்னார்ப் பக்கம் முருகை எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது வலிக்கிற விஷயம். தயவுசெய்து இந்த யோசனையை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.

பரந்தன்_சந்தி | பகல் 1:15
ஏன் இவ்வளவு தூரம் கான் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போகவேண்டும்? ஆனையிறவு உப்பு கடல்தண்ணீரில் இருந்து வருவதுதானே. 1 லீற்றருக்கு 35 கிராம் கரைத்தால் கடல்நீர் தயார். வெளிநாட்டு உப்பு வாளிக்குக் காசு கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

உப்பளத்து_மகள் | பகல் 2:02
அண்ணை, இது பிழை. எங்கள் அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். கடல்தண்ணீரைப் பாத்தியில் விட்டால் எல்லாம் ஒன்றாகக் கட்டிப்படாது. முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், அதற்குப் பிறகுதான் உப்பு. உப்பு வாரிய பிறகு பாத்தியில் ஒரு தண்ணீர் நிற்கும். விரலிடையில் தேய்த்தால் எண்ணெய் மாதிரி வழுக்கும், நாக்கில் வைத்தால் கசக்கும். அதை வெளியே வெட்டி விடுவார்கள். மகனீசியம் முழுக்க அதில்தான் போகிறது. 1 லீற்றர் கடல்நீரில் மகனீசியம் 1300 மில்லிகிராம் அளவில் இருக்கவேண்டும், கல்சியம் 400க்கு மேல். கறி உப்பில் இரண்டும் இல்லாத மாதிரித்தான். பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற இருகாபனேற்றும் இல்லை.

பரந்தன்_சந்தி | பகல் 2:30
எங்கள் ஊர் உப்பை இப்படி மட்டம் தட்டுவது சரியில்லை. எத்தனை காலத்து உப்பு அது.

உப்பளத்து_மகள் | பகல் 2:51
மட்டம் தட்டவில்லை. கசப்பு போனதால்தான் அது நல்ல உப்பு. கறிக்கும் கருவாட்டுக்கும் அதைவிட வேறு வேண்டாம். மீன் சீவிப்பதற்கு அந்தக் கசப்பும் வேண்டும். கடைப் பைக்கற் என்றால் அயடீனும் சேர்த்திருப்பார்கள். இது ஊர்ப் பெருமைக்கான கதை இல்லை அண்ணை, மூன்று உயிர் நிற்கிற தொட்டி.

பரந்தன்_சந்தி | பகல் 3:10
எனக்குத் தெரிந்த ஒருவர் இதே உப்பில் இறால் வைத்திருக்கிறார்.

கிணத்தடி | பகல் 3:18
என்ன இறால்? எத்தனை நாள்? ஆர்ட்டீமியா (மீனுக்குத் தீனியாகப் போடுகிற சின்ன உப்புநீர் உயிரி) பொரிக்க வைக்கிற உப்புத்தண்ணீருக்கு ஆனையிறவு உப்பு தாராளமாகப் போதும். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாரோ தெரியாது.

நீலம்_அக்கா | பின்னேரம் 4:26
உப்புக் கதையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். தம்பி, நீங்கள் இதை எழுதியது காலை 5:48க்கு. அளந்ததும் அந்த நேரமா? பின்னேரம் ஏறுகிறது, அடுத்த நாள் இறங்குகிறது என்கிறீர்கள். தொட்டி எந்த அறையில் இருக்கிறது? அந்த அறையில் இரவில் எத்தனை பேர் படுக்கிறீர்கள்? யன்னல் திறந்திருக்குமா?

புதுவூர்_நீமோ | இரவு 9:40
ஓம் அக்கா, எழும்பினவுடன் அளப்பேன். படுக்கை அறையில்தான். நாங்கள் 4 பேர் படுக்கிறோம். நுளம்புக்காக யன்னல் எல்லாம் பூட்டித்தான் இருக்கும்.

நீலம்_அக்கா | இரவு 10:15
நான் சந்தேகப்பட்டது இதைத்தான். பிஎச்சை இரண்டு விஷயம் தீர்மானிக்கிறது: தண்ணீரின் காரத்தன்மையும் அதில் கரைந்திருக்கிற காபனீரொட்சைட்டும். சோடா முதலாவதை மட்டும்தான் தொடும். வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கிறது. பூட்டின அறையில் 4 பேர் விடியும்வரை மூச்சு விட்டால் அது பல மடங்காகும். காற்றில் அது இரட்டிக்கிற ஒவ்வொரு முறையும் தொட்டியில் பிஎச் ஏறக்குறைய 0.3 இறங்கும். அந்தக் காற்றைத்தானே உங்கள் மோட்டர் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருக்கிறது? பகலில் லைற் எரியும்போது பாசி காபனீரொட்சைட்டை எடுக்கும், பிஎச் ஏறும். இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதையே வெளிவிடும். விடியற்காலை அளவுதான் நாளில் ஆகக் குறைவானது.

ஊகத்தில் விடாமல் சோதித்துப் பாருங்கள். தொட்டித் தண்ணீர் ஒரு கோப்பை எடுத்து பிஎச் அளந்து, அறைக்குள் காற்றுக்கல் போட்டு ஒரு மணித்தியாலம் குமிழ விடுங்கள். இன்னொரு கோப்பையை வெளி விறாந்தையில் அதே மாதிரிச் செய்யுங்கள். வெளியில் வைத்தது மட்டும் ஏறினால் குற்றம் அறைக்காற்றில். இரண்டுமே ஏறினால் தொட்டியில் காற்றோட்டம் போதாது. இரண்டும் ஏறாவிட்டால்தான் காரத்தன்மையைப் பற்றி யோசிக்க வேண்டும். அதுவரை சோடாவை நிறுத்துங்கள்.

அலைவாசி | இரவு 10:32
கோப்பைப் பரிசோதனை சின்னப்பிள்ளை விளையாட்டு. நானாக இருந்தால் வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்து இரவில் விடுவேன். கல்சியம் ஐதரொட்சைட்டு காபனீரொட்சைட்டைத் தின்றுவிடும். அனுபவம் உள்ளவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

மன்னார்க்கரை | இரவு 10:50
சுண்ணாம்பு வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரின் பிஎச் 12க்கு மேல். வற்றுகிற அளவுக்குச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். 120 லீற்றர் தொட்டியில் கை தவறி ஒரேயடியாக நிறையக் கொட்டினால் விடியும்போது மீன் இராது. கடை வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. புதியவருக்கு இதைச் சொல்லவேண்டாம் அண்ணை.

கிணத்தடி | செவ்வாய், காலை 6:44
சோடாக் கணக்கு யாருக்காவது வேண்டும் என்றால்: 100 லீற்றருக்கு 3 கிராம் போட்டால் காரத்தன்மை 1 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கிற அலகு) கூடும். ஒரு நாளில் அதற்கு மேல் கூட்டவேண்டாம். தம்பி எவ்வளவு போட்டார் என்று இன்னும் சொல்லவில்லை.

தேரடி_வாசன் | புதன், இரவு 8:15
தம்பி என்ன ஆச்சு? மீன் நிற்குதா?

முகத்துவாரம் | வெள்ளி, காலை 7:30
இப்படித்தான், கேட்டுவிட்டுக் காணாமல் போய்விடுகிறார்கள். அடுத்ததாகத் தேடி வருபவருக்கு முடிவு தெரியாமல் போகிறது.

புதுவூர்_நீமோ | ஞாயிறு, இரவு 7:22
மீன் நல்லா நிற்குது. கிற் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. காரத்தன்மை 11.4 டிகேஎச். கோப்பை பார்த்தேன்: அறைக்குள் 7.7, விறாந்தையில் 8.2. காற்று மோட்டரை விறாந்தைக்கு மாற்றி, ரியூப்பை யன்னல் மூலையால் உள்ளே எடுத்தேன். இன்று விடிய 8.0. நன்றி அக்கா.

அலைவாசி | இரவு 7:40
மீற்றரைச் சரிபார்த்தீர்களா என்று இன்னும் சொல்லவில்லை.

மன்னார்க்கரை | இரவு 7:58
அவர் கேட்பது நியாயம், ஒருமுறை பார்த்துவிடுங்கள். 11.4 என்றால் காரம் குறைவே இல்லை. கடல்நீரில் 7 அளவில்தான் இருக்கும், மிச்சம் எல்லாம் நீங்கள் போட்ட சோடா. இன்னும் போட்டிருந்தால் கல்சியம் வெள்ளையாகக் கட்டிப்பட்டு வடிகட்டி மோட்டரில் பிடித்திருக்கும். இனித் தொடவேண்டாம். அடுத்தடுத்துக் கடல்நீர் மாற்றும்போது தானாக இறங்கும். 8.2க்காக ஓடவும் வேண்டாம், விடியற்காலையில் 7.8க்குக் கீழே போகாமல் நின்றால் நீமோவுக்குப் போதும்.

நீலம்_அக்கா | இரவு 8:20
சந்தோசம் தம்பி. இன்னும் இரண்டு விஷயம். மோட்டர் விறாந்தையில் இருக்கும்போது பக்கத்தில் நுளம்புத்திரி கொளுத்தக்கூடாது, நுளம்பு மருந்தும் அடிக்கக்கூடாது. அந்தப் புகை அப்படியே தொட்டிக்குள் போகும். மீனுக்கு முதல் இறால்தான் சாகும். மோட்டரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில் வையுங்கள், கரண்ட் போனால் தண்ணீர் ரியூப்பால் பின்னால் வந்து நிலம் முழுக்க ஓடும். காற்று எடுக்கிற ஓட்டையில் நுளம்பு வலைத்துண்டு ஒன்று கட்டுங்கள். எங்கள் வீட்டில் குளவி அதற்குள் மண் வைத்து அடைத்துவிட்டது.

பரந்தன்_சந்தி | இரவு 9:05
அக்கா, ஆனையிறவு உப்போடு மகனீசியம் தனியாக வாங்கிச் சேர்த்தால் சரிவருமா?

உப்பளத்து_மகள் | இரவு 9:11
அண்ணை, அதற்கு ஒரு புது இழை திறவுங்கோ. கணக்கோடு வாறேன்.