நெல் மரபணு வலையமைப்பு: கிளஸ்டரில் ஓட்டிய அனுபவம்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வீடு கொழிஞ்சாம்பாறை, வேலை பாலக்காட்டில் ஓர் ஆய்வகத்தில். பொதுவில் கிடைக்கும் நெல் ஆர்என்ஏ-சீக் தரவை (ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு இயங்குகிறது என்ற அளவீடு) எடுத்து, எந்த மரபணு எதை இயக்குகிறது என்று வலை கட்டுகிறோம். கருவி ஜெனி3. 2010-இல் வந்தது, மரபணு வலை கட்டும் ட்ரீம்4 போட்டியின் ஒரு பிரிவில் ஜெயித்தது.

ஒரு மரபணுவின் இயக்க அளவை மற்ற மரபணுக்களின் அளவுகளிலிருந்து ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் முறை) வைத்துக் கணிக்க வேண்டும். கணிப்பில் யார் பங்கு எவ்வளவு என்பதுதான் இணைப்பின் எடை. ஒரு மரபணுவின் கணக்கு இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. நடவுக்கு ஆளுக்கொரு பாத்தி விடுவது போலப் பிரித்துக் கொடுத்துவிடலாம். அதனால்தான் எல்லோரும் "இதுல என்ன இருக்கு, பேரலல் பண்ணிடலாம்" என்கிறார்கள்.

பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. முன்பு இருந்த மாணவர் விட்டுப் போன ஸ்கிரிப்ட்டைக் கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த தொகுதி, ஒவ்வொன்றும் ஒரு நோடு) ஓட்டிய அன்று மத்தியானமே அட்மின் சேட்டன் போன் செய்தார். பாதி மலையாளம், பாதி தமிழ்: "சாரே, நோடு முழுக்க நிங்ஙளுடெ ஜாப்தான். ஆனா ஒண்ணும் நகரலையே?" உள்ளே போய்ப் பார்த்தால், 32 கோர் உள்ள நோடில் 32 டாஸ்க். ஸ்கிரிப்ட்டில் என்_ஜாப்ஸ் (எத்தனை கோரில் ஓட்டுவது என்ற அமைப்பு) -1, அதாவது எல்லாக் கோரும், என்று இருந்ததால், ஒவ்வொரு டாஸ்க்கும் நோடு மொத்தமும் தனக்குத்தான் என்று நினைத்து 32 த்ரெட் கிளப்பியிருந்தது. மொத்தம் 1,024. டாஸ்க்குக்கு இத்தனை கோர்தான் என்று கட்டிப்போடும் அமைப்பு அங்கே இல்லை. 1 என்று மாற்றியதும் சரியாக ஓடியது. வெளியே பிரித்த பிறகு உள்ளேயும் பிரிக்கக் கூடாது.

அடுத்தது, எப்படிப் பிரிப்பது. நெல்லில் கிட்டத்தட்ட 40,000 மரபணுக்கள். கிளஸ்டரில் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்மின் இயல்பு அமைப்பில் ஓர் அர்ரேயின் (ஒரே கட்டளையில் அனுப்பும் ஜாப் தொகுப்பு) எண் 1,000-ஐத் தாண்டாது. தாண்டவிட்டாலும், மரபணுவுக்கு ஒரு ஜாப் என்றால் வரிசையில் நிற்பதற்கே பொழுது போய்விடும். டாஸ்க்குக்கு 100 மரபணு, ஆக 400 டாஸ்க். முடிவும் டாஸ்க்குக்கு ஒரே கோப்பு. 40,000 குட்டிக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் எல்எஸ் (கோப்புப் பட்டியல் காட்டும் கட்டளை) அடித்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சமவாய்ப்பு எண்களைத் தொடங்கிவைக்கும் ரேண்டம் சீடை மட்டும் டாஸ்க் எண்ணை வைத்துத் தராமல், மரபணுவின் வரிசை எண்ணை வைத்துத் தருகிறேன். நாளைக்கு 50 50-ஆகப் பிரித்தாலும் அதே விடை வரும். மார்ச் வெயிலில் சர்வர் அறை ஏசி படுத்து பாதி ஜாப் செத்தபோது, விட்டுப்போனதை மட்டும் திரும்ப ஓட்டிச் சேர்க்க இது கைகொடுத்தது.

இன்னொன்று: 40,000-க்கு 40,000 மேட்ரிக்ஸ் என்றால் 160 கோடி எண்கள், 8 பைட் வீதம் 12.8 ஜிபி. ரெகுலேட்டர் (மற்றதை இயக்கக்கூடிய மரபணு) பட்டியலை 2,000 என்று சுருக்கினால் 640 எம்பிதான். கணக்கும் வேகமாக முடிகிறது.

சித்தூர்ப் பக்கம்:

நான் அரக்னே ஆள்; அதுவும் ஜெனி3 போல மரபணு வலை கட்டும் கருவிதான். அங்கே ஜோடி ஜோடியாக மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் (ஒன்றின் அளவு மற்றொன்றைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பது) பார்க்கும் பகுதி சுலபமாகப் பிரியும். 20,000 மரபணு என்றால் ஏறக்குறைய 20 கோடி ஜோடி. ஆனால் அப்புறம் ஒவ்வொரு முக்கோணத்திலும் பலவீனமான இணைப்பை வெட்டும் கட்டம் வருகிறதே, அதற்கு எல்லா ஜோடிகளின் விடையும் கையில் இருக்க வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். நான் ஜோடிகளைப் பிரிப்பதையே விட்டுவிட்டேன். 2016-இல் வந்த அரக்னே-ஏபியில் பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து ஓட்டுவது) ஒவ்வொன்றையும் தனி ஜாபாக விட்டு, கடைசியில் ஒன்றுசேர்க்கும் கட்டளையை ஸ்லர்மில் டிபென்டென்சி (முந்தையவை முடிந்தால்தான் ஓடு என்ற நிபந்தனை) போட்டு நிறுத்திவைக்கிறேன். ராத்திரி கண்விழிக்கிற வேலை இல்லை.