மாரிமுத்து வீட்டார்: ஞாயிறு நிச்சயதார்த்தம் 🌺

வெள்ளி, மாலை 6:12

செல்வி அத்தை: அண்ணி, இப்போதுதான் உங்கள் வீட்டைத் தாண்டி வந்தேன். மாடி ஜன்னலில் உங்கள் பணிப்பெண் சீத்தி பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு துடைக்கிறாள்! எனக்கு உயிரே போய்விட்டது

ராணி பெரியம்மா: எந்த ஜன்னல்

செல்வி அத்தை: கார் போர்ச்சுக்கு மேலே. கீழிருந்து கத்தினேன். அவள் கையை ஆட்டிச் சிரிக்கிறாள்

ராணி பெரியம்மா: நான் கவிதாவோடு பிளவுஸ் வாங்க வந்தேன்

ராணி பெரியம்மா: அவர் வீட்டில்தானே இருக்கிறார்??

வினோத்: பெரியம்மா, அது சட்டப்படியும் தப்பு. சிங்கப்பூரில் 2012லிருந்தே விதி. ஜன்னல் கம்பி பூட்டியிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் பணிப்பெண் வெளிப்பக்கம் துடைக்கலாம். தரைத்தளத்துக்கும் பொது நடைபாதைப் பக்கத்துக்கும் மட்டும் விலக்கு

மணியம் பெரியப்பா: நான் சொல்லவில்லை. அவளாக ஆரம்பித்துவிட்டாள். உள்ளே வரச் சொல்லிவிட்டேன்

மணியம் பெரியப்பா: கண்ணாடி முழுக்க மைனா எச்சம். சம்பந்தி வீட்டார் காரை விட்டு இறங்கித் தலை நிமிர்ந்தால் அதுதான் தெரியும்

மணியம் பெரியப்பா: 📷 படம்

ராஜூ சித்தப்பா: ஏணி வைத்து ஏறிவிடலாமே அண்ணா

மணியம் பெரியப்பா: எந்த ஏணி?

ராஜூ சித்தப்பா: 😅

மணியம் பெரியப்பா: மூன்று தீபாவளி ஆயிற்று அந்த ஏணி வீட்டை விட்டுப் போய்

அம்மா: ஆரம்பித்துவிட்டார்கள்

செல்வி அத்தை: பலமுறை பகிரப்பட்டது: 🌟 கண்ணாடி பளபளக்க! வினிகர் அரை கப், வெந்நீர், பழைய செய்தித்தாள். 10 பேருக்குப் பகிரவும் 🌟

வினோத்: அத்தை, அந்தக் கண்ணாடிக்குக் கை எட்டினால்தானே

மீனா அக்கா: மாமா, ஏணியும் வேண்டாம் வினிகரும் வேண்டாம். இவர் ஜன்னல் கழுவும் வேலைக்கு எடுத்துப்போகிற நீளக் கம்பு வீட்டில்தான் இருக்கிறது. இவரையே கேளுங்கள்

மாலை 6:58

குணா மச்சான்: எல்லாருக்கும் வணக்கம். மாமா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போர்ச் கூரை சுவரிலிருந்து மூன்று மீட்டராவது நீட்டிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது. அதற்குக் கீழே நின்று கம்பை உயர்த்த முடியாது. கேட் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். தள்ளி நின்றால் கம்பு சாய்ந்து போகும், பிரஷ் முடி கண்ணாடியில் நேராகப் பதியாது. அதற்காகக் கழுத்து வளைந்த ஒரு துண்டு மாட்டுவோம், கூஸ்நெக் என்று பெயர். அது முன்பின் சாய்வுக்கு. ஆனால் உங்கள் வீட்டில் வலது பக்கம் கார், நடுவில் துளசி மாடம். எனக்கு நிற்கக் கிடைப்பது இடது மூலை, வடிகால் மூடி மேல்தான். அங்கிருந்து கம்பு குறுக்காகப் போகும். பிரஷ் கோணலாக நிற்கும், ஒரு முனைதான் கண்ணாடியில் அழுந்தும், மறுமுனை தூக்கிக்கொள்ளும். சட்டத்தின் மூலைக்குள் போகவே போகாது. ஆகவே ஸ்விவல் வேண்டும். கம்புக்கும் பிரஷுக்கும் நடுவில் மாட்டுகிற மூட்டு. நம் மணிக்கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் உள்ளங்கையைச் சுவரில் பதிய வைக்கலாம் அல்லவா, அதேதான்

ராஜூ சித்தப்பா: சுருக்கமாக மாப்பிள்ளை. முடியுமா முடியாதா

குணா மச்சான்: முடியும் மாமா

ராஜூ சித்தப்பா: கூஸ்நெக் என்றால் வாத்துக் கழுத்தா

அம்மா: சிக்கன் சொல்லியிருக்கிறோம், வாத்து வேண்டாம்

ராணி பெரியம்மா: சிக்கனா?? நிச்சயத்துக்குச் சைவம்தான் என்று சொல்லி இரண்டு வாரம் ஆகிறது லதா

அம்மா: மாமாதான் என்னிடம் சிக்கன் என்றார்

மணியம் பெரியப்பா: நான் மாலைச் சாப்பாட்டைச் சொன்னேன். நம் ஆட்களுக்கு மட்டும்

ராணி பெரியம்மா: போன் பண்ணுகிறேன் லதா

செல்வி அத்தை: மாப்பிள்ளை, அந்தக் கம்பு எங்கள் தோ பாயோ வீட்டுக்கு எட்டுமா? 11ஆவது மாடி

குணா மச்சான்: எட்டாது அத்தை. தரையிலிருந்து நாலு, ஐந்து மாடிக்குள்தான் ஒழுங்காக வேலை செய்ய முடியும். அதற்கு மேல் கம்பு நாணல் மாதிரி ஆடும். அப்புறம் வீவக அரசு அடுக்குமாடி புளோக்கில் கீழே நின்று தண்ணீர் அடித்தால் அத்தனை மாடியிலும் மூங்கிலில் காயப்போட்ட துணி என்ன ஆவது

மீனா அக்கா: அம்மா, அந்த வீட்டு ஜன்னல் ரிவெட் மாற்றிவிட்டீர்களா இல்லையா

செல்வி அத்தை: எந்த ரிவெட்

வினோத்: திறந்து மூடும் ஜன்னலுக்கு அலுமினிய ரிவெட் ஆணி இருந்தால் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றியாக வேண்டும் அத்தை. 2004 அக்டோபரில் வந்த உத்தரவு

செல்வி அத்தை: உங்கள் மாமா இருந்தபோது மாற்றினார். மாற்றினார் என்றுதான் நினைக்கிறேன்

மீனா அக்கா: அம்மா!!!

இரவு 7:40

ராணி பெரியம்மா: மாப்பிள்ளை, கேட்க மறந்துவிட்டேன். சோப்பு நுரை கீழே விழுமா? சனிக்கிழமை மதியம் பந்தல் சீலை கட்ட வருகிறார்கள்

குணா மச்சான்: சோப்பே இல்லை அத்தை. வெறும் தண்ணீர். ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளி விழும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு கண்ணாடியிலேயே தங்கிவிடுவதால் வருவது அது. அதனால் உங்கள் தோட்டக் குழாயிலிருந்து முதலில் என் ரெசின் உருளைக்குள் போகும். உப்பையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். வெளியே வருகிற தண்ணீரில் மீட்டர் வைத்தால் 0 காட்ட வேண்டும், 10க்குள் இருந்தாலும் சமாளிக்கலாம். அது மெல்லிய குழாய் வழியாகக் கம்புக்குள் ஏறி பிரஷ் நடுவில் பீச்சும். தேய்த்து அலசி விட்டுவிட வேண்டியதுதான், துணி போட்டுத் துடைக்க வேண்டாம். தானாகக் காயும்

ராஜூ சித்தப்பா: நியூவாட்டரா?

குணா மச்சான்: கிட்டத்தட்ட அந்த யோசனைதான் மாமா. அங்கே கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டுவார்கள். பெரிய வேலைக்கு நாங்களும் அப்படிச் செய்துவிட்டுத்தான் ரெசினுக்கு விடுவோம்

ராஜூ சித்தப்பா: 2002 தேசிய தினத்தில் பாட்டிலில் கொடுத்தார்களே, நான் பாடாங்கில் உட்கார்ந்து குடித்தேன்

அம்மா: அன்றைக்கு நீங்கள் வீட்டில் டிவி பார்த்தீர்கள் தம்பி. டிக்கெட் கிடைத்தது எங்களுக்கு. இடமும் பாடாங் இல்லை, காலாங் அரங்கம்

ராஜூ சித்தப்பா: பாட்டில் எனக்கும் ஒன்று கொண்டுவந்தீர்கள் அண்ணி

மணியம் பெரியப்பா: வாங்கினதைத் திருப்பிக் கொடுத்து எனக்குத் தெரிந்து பழக்கமே இல்லை

பாட்டி: 🎤 குரல் பதிவு 1:12

வினோத்: பாட்டி சொல்வது: மாடிப்படி ஜன்னலையும் கழுவ வேண்டுமாம். தாத்தா படத்துக்குப் பின்னால் இருக்கிற லூவர் கண்ணாடி. வெளியே ஒட்டடையாம். மீதி 40 வினாடி மல்லிகைப்பூ விலை

குணா மச்சான்: நல்லவேளை சொன்னீர்கள் பாட்டி. லூவர்தான் எனக்குப் பயம். பலகை பலகையாக இருப்பதால் எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கில் தண்ணீர் உள்ளே வரும். தாத்தா படத்தை இறக்கிவிட்டு, துண்டு மடித்து அடியில் வைத்துக்கொண்டு உள்ளே ஒருவர் நிற்க வேண்டும். அது பக்கவாட்டுச் சந்தில் வேறு இருக்கிறது. சுவருக்கும் பக்கத்து வீட்டு வேலிக்கும் நடுவே ஒரு மீட்டர்தான். கம்பு கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும். பிரஷைப் படுக்கையாக வைத்தால் அடுத்த பலகையில் தட்டும். ஸ்விவலைத் திருப்பிச் செங்குத்தாக்கி மேலிருந்து கீழே இழுக்க வேண்டும்

அம்மா: படத்தை யார் இறக்குவது? அத்தை யாரையும் தொட விடமாட்டார்கள்

வினோத்: பாட்டி: 🎤 “மணியம் இறக்கட்டும்”

மணியம் பெரியப்பா: சரி

மணியம் பெரியப்பா: அந்த ஸ்விவல் கடையில் கிடைக்குமா? வாங்கி என் துடைப்பக் கம்பில் மாட்டி நானே செய்துவிடுகிறேன். எதற்கு ஒருவரைத் தொந்தரவு பண்ணிக்கொண்டு

குணா மச்சான்: கிடைக்கும் மாமா. ஆனால் மரை பொருந்த வேண்டும். துடைப்பக் கம்பில் தண்ணீரும் வராது. இன்னொன்று, நுனியில் கால் கிலோ ஏற்றினால் ஐந்து மீட்டர் தள்ளிக் கையில் அது பல மடங்கு கனமாக இழுக்கும். முதல்முறை பிடிக்கிறவருக்குத் தோள் போய்விடும். திருகை இறுக்கவும் பக்குவம் வேண்டும். தளர்த்தி வைத்தால் பிரஷ் தூங்கி விழுகிறவன் தலை மாதிரி தொங்கும். ரொம்ப இறுக்கினால் மேலே போன பிறகு சட்டத்தில் முட்டவைத்துத் திருப்ப முடியாது, ஒவ்வொரு தடவையும் கீழே இறக்க வேண்டும். குழாயையும் மூட்டுப் பக்கத்தில் ஒரு சுற்று தளர்வாக விட வேண்டும். இழுத்துக் கட்டினால் பிரஷ் திரும்பும்போது மடங்கித் தண்ணீர் நின்றுவிடும். நான் ஒருமுறை பம்ப் கெட்டது என்று அரை நாள் பிரித்துப் பார்த்தேன். மடிப்புதான்

ராஜூ சித்தப்பா: 🙄📜

மீனா அக்கா: ராஜூ மாமா, கேள்வி கேட்டால் பதில் வரும்

மணியம் பெரியப்பா: புரிந்தது. எவ்வளவு ஆகும் என்று சொல்லச் சொல்லுங்கள். 80 வெள்ளி, 100 வெள்ளி, கொடுத்துவிடலாம்

மீனா அக்கா: காசா மாமா

செல்வி அத்தை: கண்ணாடி துடைக்கிற மாப்பிள்ளையா என்று ஒருவர் 2018ல் நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து கேட்டார். ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இருக்கும்

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: செல்வி, இது வேண்டாம்

செல்வி அத்தை: நீக்கிவிட்டேனே

ராஜூ சித்தப்பா: நான் பார்த்துவிட்டேன்

இரவு 8:25

வினோத்: அப்புறம் தாம்பூலத் தட்டு 9ஆ 11ஆ? தேக்காவில் வாங்கி வரச் சொன்னீர்கள்

ராணி பெரியம்மா: 11. அவர்கள் 9 கொண்டுவருகிறார்களாம்

செல்வி அத்தை: அவர்களைவிடக் கூடவா? தப்பாக நினைக்கமாட்டார்களா

ராணி பெரியம்மா: பிறகு சொல்கிறேன் வினோத், வாங்கிவிடாதே

குணா மச்சான்: காசு வேண்டாம் மாமா. நேரம்தான் முடிவாக வேண்டும். நாளைக் காலை 9:30க்கு எனக்கு வேறு வேலை. 7 மணிக்கு வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். மதியத்துக்குத் தள்ள வேண்டாம். ஏப்ரல் மாதம், மூன்று மணிக்கு மேல் இடி நிச்சயம். என் கம்பு கார்பன், மின்சாரம் பாயும். இடிச் சத்தம் கேட்டால் நான் இறக்கி வைத்துவிட்டுப் போர்ச்சில் உட்கார்ந்துவிடுவேன்

ராணி பெரியம்மா: 7 மணிக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சந்து ஓரம் துணி காயப்போடுவார்

ராஜூ சித்தப்பா: ஞாயிறு காலை 6க்குச் செய்தால் ஈரமாகப் பளபளக்கும்

மீனா அக்கா: நிச்சயத்தன்று காலை 6 மணிக்கா? நீங்கள் எழுந்திருப்பீர்களா மாமா

குணா மச்சான்: முதல் தடவை கழுவுகிற ஜன்னல், ஞாயிறு சரிவராது. மேல் சட்டத்தில் வருடக்கணக்கான அழுக்கு இருக்கும். முதலில் அதைத் தேய்த்து அலசிவிட்டு, சொட்டு நிற்கும்வரை பக்கத்துக் கண்ணாடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கண்ணாடியை அலச வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த பிறகு மேலிருந்து கோடு கோடாக ஒழுகியிருக்கும். எச்சத்தையும் ஊறவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். காய்ந்ததைச் சுரண்டினால் அதில் இருக்கிற மணல் கண்ணாடியைக் கீறும். இன்று இரவே யாராவது தோட்டக் குழாயால் கீழிருந்து நனைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது

குணா மச்சான்: தோட்டக் குழாய் முன்பக்கமா பின்பக்கமா?

அம்மா: மல்லிகை எத்தனை முழம் சொல்வது? விலை ஏறியிருக்கிறதாம்

ராணி பெரியம்மா: 30

செல்வி அத்தை: 30 எதற்கு, கவிதா தலை ஒன்றுதானே

ராணி பெரியம்மா: வருகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டாமா

ராஜூ சித்தப்பா: அண்ணா, ஏணியை நாளை கொண்டுவந்து விடுகிறேன். பந்தல்காரருக்கு உதவும்

மணியம் பெரியப்பா: எத்தனை மணிக்கு

அம்மா: அவர் ஆன்லைனில் இல்லை மாமா

குணா மச்சான்: குழாய் முன்பக்கமா பின்பக்கமா? என் குழாய் 30 மீட்டர்தான், அதற்குத்தான் கேட்கிறேன்

மீனா அக்கா: யாராவது சொல்லுங்களேன்

பாட்டி: 🎤 குரல் பதிவு 2:03

வினோத்: மீண்டும் மல்லிகை

சனி, காலை 6:54

குணா மச்சான்: வாசலில் நிற்கிறேன். கேட் பூட்டியிருக்கிறது

குணா மச்சான்: ஜன்னல் ஈரமாக இருக்கிறதே, இரவு மழை பெய்ததா?

மணியம் பெரியப்பா: மழை இல்லை. நான்தான் நனைத்தேன். 5 மணிக்கு

மணியம் பெரியப்பா: குழாய் முன்பக்கம். துளசி மாடத்துக்குப் பின்னால். அப்பா படத்தை இறக்கி அம்மா கட்டிலில் வைத்துவிட்டேன். உள்ளே துண்டோடு நான் நிற்கிறேன்

மணியம் பெரியப்பா: சாவி தேடுகிறேன். காப்பியா டீயா

குணா மச்சான்: காப்பி ஓ கோசோங், மாமா. பாலும் சர்க்கரையும் வேண்டாம்