நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு மன அமைதி: மூச்சைக் கவனித்தால் போதுமா?

பட்டுப்பிரிவு:
வேலை நேரத்தில் மன அமைதி தேட நமக்கு ஏது நேரம் என்று இங்கே பலர் கேட்கிறீர்கள். தனியாக நேரம் வேண்டியதில்லை என்பது என் அனுபவம். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருடமாகப் பட்டுப் பிரிவில் நிற்கிறேன்.

ஒரு குடும்பம் வந்து நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று போய்விடும். முன்பெல்லாம் அந்தக் குவியலைப் பார்த்ததுமே நெஞ்சு படபடக்கும். இப்போது ஒரு புடவையை எடுத்து, கரையோடு கரை சேர்த்து மடித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிடுகிறேன். நீவும்போது மூச்சை மெதுவாக விடுகிறேன். கை பட்டில் ஓடுவது மட்டும்தான் அப்போது மனதில் இருக்கும். பத்துப் புடவை மடிப்பதற்குள் படபடப்பு அடங்கிவிடும். அடுத்து வருகிறவரிடம் எரிந்து விழாமல் பேச முடிகிறது.

கால்வலி:
அக்கா, நானும் பாத்திரக்கடையில் ஒன்பது வருடம் நின்றவன். நீங்கள் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ராத்திரி எட்டு மணிக்குக் கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுக்கும்போது எந்த மூச்சு உதவும்?

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரளா தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் நம் சட்டப்பேரவையிலும் திருத்தம் வந்தது. கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. எங்கள் கடையில் என்ன நடந்தது தெரியுமா? ஸ்டூல் வாங்கி ஸ்டாக் ரூமில் போட்டுவிட்டு, கடை திறக்கும் முன் அரை மணி நேரம் தியான வகுப்பு வைத்தார்கள். அந்த அரை மணிக்குச் சம்பளம் கிடையாது. அன்றிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

பட்டுப்பிரிவு:
தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் எனக்கு இதை முதலாளி கற்றுத் தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தது. அதை அவர்கள் பக்கம் சேர்த்துவிடாதீர்கள்.

இரவுநர்ஸ்:
நடுவில் வருகிறேன். அக்கா செய்வதில் விஷயம் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே விடும்போது குறையும். அதனால்தான் நீளமாக விட்டால் உடம்பு தணிகிறது.

ஆனால் இன்று கம்பெனிகள் பேசும் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை மட்டும் கவனிக்கும் பயிற்சி, எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1979இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது. தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்கு எட்டு வாரப் பயிற்சி, வீட்டிலும் தினமும் முக்கால் மணி நேரம். அதைச் சுருக்கி, வேலைக்கு நடுவே இரண்டு நிமிடம் செய்தால் போதும் என்று விற்பது வேறு சரக்கு.

என் வழி கை கழுவுவதுதான். சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும் முன் அந்த நேரம் முழுக்கத் தண்ணீரையும் விரல்களையும் மட்டும் கவனிப்பேன். முந்தைய நோயாளியின் கவலையை அங்கேயே விட்டுவிட்டுப் போக முடிகிறது.

கால்வலி:
சிஸ்டர், நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த 40 விநாடி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? அது விதி. "சீக்கிரம் வா" என்று யாரும் உங்களைக் குழாயடியிலிருந்து இழுக்க முடியாது. எங்களுக்கும் விதி உண்டு. 1947ஆம் வருடக் கடைகள் சட்டப்படி, ஒரு மணி நேர ஓய்வு தராமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அக்கா, உங்கள் கடையில் மதியம் எவ்வளவு நேரம் விடுகிறார்கள்?

பட்டுப்பிரிவு:
இருபது நிமிடம். முகூர்த்த சீசனில் அதுவும் இல்லை. டப்பாவைத் திறந்து நாலு வாய் சாப்பிடுவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு மணி நேரம் என்று சட்டம் இருப்பது இன்றுதான் தெரியும். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று மனது வலிக்கிறது.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன் தம்பி. போன தீபாவளிக்கு இன்னொரு பெண்ணை சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டினார். நான் புடவையை நீவிக்கொண்டே ஒரு நிமிடம் நின்றேன். பிறகு போய், "சார், அவளுக்குக் காய்ச்சல், உட்காரவிடுங்கள்" என்றேன். குரல் நடுங்கவில்லை. பழைய நானாக இருந்தால் அழுதிருப்பேன், இல்லை கத்தியிருப்பேன். அவளை உட்காரவிட்டார்.

கால்வலி:
இதை ஏற்கிறேன் அக்கா. அந்த ஒரு மணி நேரத்தையும் அதே குரலில் கேளுங்கள். ஆனால் தனியாகப் போக வேண்டாம். உங்கள் பிரிவில் எத்தனை பேர்?

பட்டுப்பிரிவு:
ஏழு பேர். நாளை டீ நேரத்தில் பேசிப் பார்க்கிறேன். அந்தச் சட்டப் பிரிவைத் தமிழில் எழுதி அனுப்புங்கள், அவர்களிடம் காட்ட வேண்டும்.