நம் கிணற்றுக் கொசு ஆப்பிரிக்காவில் ஊடுருவிய இனமானது எப்படி?

தண்டையார்பேட்டைவாசி:
மாநகராட்சி ஊழியர்கள் வந்து கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் தண்ணீரை மொண்டு, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தெருவில் வழக்கமான காட்சி. அவர்கள் தேடும் மலேரியாக் கொசுவான அனாபெலஸ் ஸ்டீபன்சி சென்னைக்குப் புதிதல்ல. ஆனால் அதே கொசு ஆப்பிரிக்காவில் ஊடுருவிய இனமாகக் கண்காணிக்கப்படுகிறது என்று படித்தேன். துறைமுகத்துக்கு அருகில் குடியிருப்பதால் கேட்கிறேன்: அது கப்பலேறிப் போயிருக்குமா? ஒரு புதிய ஊருக்கு வந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

பூச்சியியல் மாணவி:
ஆப்பிரிக்காவில் அது முதலில் பதிவானது 2012இல், ஜிபூட்டி என்ற துறைமுக நகரில்தான். எனவே கப்பல் வழி என்ற ஐயம் வலுவானது. பிறகு 2016இல் எத்தியோப்பியாவிலும், 2022இல் கென்யாவிலும் கண்டறியப்பட்டது. ஜிபூட்டி நாடு முழுவதிலும் 2012இல் வெறும் 27ஆக இருந்த மலேரியாப் பாதிப்பு 2020இல் 73,000ஐத் தாண்டியது. முழுப் பழியையும் இந்தக் கொசுவின் மேல் போட முடியாது என்றாலும், அங்குள்ள பழைய மலேரியாக் கொசுக்கள் பெரும்பாலும் மழைநீர்க் குட்டைகளை நம்பியிருக்க, இதுவோ நகரத்துத் தொட்டிகளிலும் பீப்பாய்களிலும் கோடையிலும் பெருகுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.
கண்டறிவதில் உள்ள சிக்கலும் அதுதான். குட்டைகளில் மட்டும் தேடிப் பழகியவர்களின் கண்ணில் இது படுவதில்லை. வளர்ந்த கொசுவும் வழக்கமான விளக்குப் பொறிகளில் அரிதாகவே சிக்குகிறது. ஆகவே நீர்த்தொட்டிகளில் புழுக்களைச் சேகரித்து, கொசுவாக வளரவிட்டு, வாயருகே உள்ள தொடுகொம்புகளின் வெண்புள்ளிகளைப் பார்த்து இனங்காண்கிறார்கள். உள்ளூர் இனமென்று தவறாகக் குறிக்கும் வாய்ப்பு இருப்பதால் மரபணுச் சோதனையாலும் உறுதிசெய்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வரும் ஊழியரின் கரண்டிதான், உண்மையில், அங்கும் முதல் கருவி.

ராயபுரம் பழைய ஆள்:
ஆப்பிரிக்கா வரை போவானேன்? 2016இல், மலேரியா இல்லாத நாடு என்று இலங்கை அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், இந்தக் கொசு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரை!

தண்டையார்பேட்டைவாசி:
விளக்கத்துக்கு நன்றி. எங்கள் தொட்டிக்கு மூடி இருக்கிறது, அது போதுமா?

பூச்சியியல் மாணவி:
விரிசலும் இடைவெளியும் இல்லாமல் மூடியிருந்தால் போதும். நிரம்பி வழியும் குழாயின் வாயைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதில் கொசுவலைத் துணியைக் கட்டிவிடுங்கள். பயன்படுத்தாத கிணறு இருந்தால் அதில் கொசுப்புழுக்களைத் தின்னும் கம்பூசியா மீன்களை விடச் சொல்லி மாநகராட்சி ஊழியர்களிடம் கேட்கலாம்.