பழைய கடைக் கட்டடத்தின் வயதைக் கண்டுபிடிக்க உதவி வேண்டும்

நண்பர்களே, சந்தை கூடும் ஊர் ஒன்றின் கடைவீதியில் உள்ள பழைய கட்டடத்தின் கதையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. பத்திரத்தில் நான்கு எல்லையும் கைமாறிய விவரமும்தான் இருக்கின்றன, எப்போது கட்டினார்கள், முதலில் என்ன வியாபாரம் நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

பின்சுவரில் சுண்ணாம்புக் காரை, முகப்பில் மட்டும் சிமென்ட். போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். அதற்காகச் சுண்ணாம்புச் சுவரெல்லாம் அதற்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது, அப்புறமும் பல காலம் சுண்ணாம்பில்தானே கட்டினார்கள்!

என்னைக் குழப்புவது கடை வாசலுக்கு மேலே போகும் இரும்பு உத்தரம்தான். அதில் டார்மன் லாங் என்று எழுத்து பொறித்திருக்கிறது, அந்த இங்கிலாந்து நிறுவனம் தொடங்கியதே 1875-இல். அப்படியானால் கட்டடமே அதற்குப் பிந்தியதா, இல்லை பழைய முன்சுவரை உடைத்து வாசலை அகலமாக்கியபோது போட்ட உத்தரமா? உத்தரம் உட்காரும் இடத்தில் என்ன பார்த்தால் இது தெரியும்?

இன்னொன்று, முகப்பில் பெயிண்டுக்கு அடியில் பழைய பெயர் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. ராத்திரியில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்ததில் மூன்று எழுத்து பிடிபட்டது, சுரண்டப் பயமாக இருக்கிறது. பழைய வரிப் பதிவேடு, வியாபாரிகள் பட்டியல், ஊர் வரைபடம் இதில் எதை முதலில் தேடலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.