85-ல் தொடங்கும் உதறல்: பெங்களூருக்கு எடுத்துப் போகலாமா?

கீழக்கரை டிடி:
எல்லோருக்கும் சலாம், வணக்கம். வண்டி 2013 ஆடி டிடி, 2.0 டர்போ பெட்ரோல், குவாட்ரோ (நாலு சக்கர இயக்கம்). செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அதில் நாலு மாதம் நான் ஷார்ஜாவில் இருந்தேன், வண்டி வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. எங்கள் தெருவில் இது திரும்புவதற்குள் எனக்கு வேர்த்துவிடும். வாப்பா இதற்குத் 'தவளை' என்று பெயர் வைத்திருக்கிறார்.

பிரச்சினை இதுதான். 85 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் லேசாக உதற ஆரம்பிக்கிறது. 95-ல் கை மரத்துப்போகிற அளவுக்கு வருகிறது. 110 தாண்டினால் குறைந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் இரண்டு தடவை வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது), ஒரு தடவை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரி செய்வது) செய்தாயிற்று. முதல் பேலன்சிங்குக்குப் பிறகு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, இரண்டாவதற்குப் பிறகு முன்னைவிட மோசம். மெஷினில் நாலு சக்கரமும் பூஜ்யம்தான் காட்டியது, நானே பார்த்தேன். கடைக்காரர் "இந்த மாதிரி வண்டி இப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மச்சான் நிக்காஹ், பெங்களூரில். எப்படியும் 550 கி.மீ.க்கு மேல். வீட்டுக்காரியும் கூட வருகிறார். போகலாமா?

வேகம் 40:
இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) போயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

உப்புக்காற்று (மண்டபம்):
மவுண்ட் விலை தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொல்ல மாட்டீர்கள். தம்பி, முதலில் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்.

95-ல் போகும்போது நியூட்ரலில் தள்ளி நாலு விநாடி ஓடவிட்டால் உதறல் நிற்கிறதா, தொடர்கிறதா? பிரேக் மிதிக்கும்போது மட்டும் கூடுகிறதா? உதறல் கையிலா, சீட்டிலா? கடைசியாக வண்டியை எங்கே நிறுத்தினீர்கள்?

இதைப் பாம்பன் பாலத்தில் வைத்துச் சோதிக்க வேண்டாம். அங்கே தடதடப்பது பாலத்தின் இணைப்புகள். உச்சிப்புளிக்கு இந்தப் பக்கம் நேர் ரோடு கிடைக்கும், விடிகாலையில் போங்கள்.

கீழக்கரை டிடி:
இன்று காலை பார்த்தேன் அண்ணே. நியூட்ரலிலும் அப்படியே தொடர்கிறது. பிரேக்கில் மாற்றம் இல்லை. கையில்தான், சீட்டில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று, புறப்பட்ட முதல் பத்துக் கிலோமீட்டர் மெதுவாகப் போகும்போதே 'தடக் தடக்' என்று இருந்தது, அப்புறம் அது தானாக அடங்கிவிட்டது.

கடைசியாகப் போனது அரிச்சல்முனை. ரோட்டை விட்டு மணலில் இறக்கித்தான் நிறுத்தினேன், திட்டாதீர்கள்.

உப்புக்காற்று (மண்டபம்):
திட்ட மாட்டேன், சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். ஈர மணல் அலாய் சக்கரத்தின் உள்வளையத்தில் அப்பிக் காய்ந்து சிமெண்ட் மாதிரி நிற்கும். சின்னக் கட்டி போதும் உதறுவதற்கு.

அந்தத் 'தடக் தடக்' வேறு கதை. நாலு மாதம் ஒரே இடத்தில் நின்ற டயர் தரையில் பட்ட பக்கம் தட்டையாகிவிடும். ஓடிச் சூடானதும் வட்டத்துக்குத் திரும்பிவிட்டதால் அதை மறந்துவிடலாம். நியூட்ரலிலும் நிற்கவில்லை என்றால் இன்ஜினை விடுங்கள், பிரச்சினை சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றில். கையில் மட்டும் என்றால் முன்பக்கம்.

பழைய டார்க் ரெஞ்ச்:
இவர் சொன்னதோடு சின்னக் கணக்கு ஒன்று. டயர் 245/40 ஆர்18 என்றால் சுற்றளவு சுமார் 2.05 மீட்டர். 90 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 25 மீட்டர். அதாவது சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 12 தடவை சுற்றுகிறது. போனில் அதிர்வு அளக்கும் செயலி போட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 12 ஹெர்ட்ஸை (விநாடிக்கு 12 அதிர்வு) ஒட்டிக் காட்டினால் சக்கரம்தான். இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) இருந்தால் விநாடிக்கு 33 வரும்.

ஆனால் என்னை உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் சொன்னது. முதல் தடவை குறைந்தது, இரண்டாவது தடவை கூடியது. இரண்டு முறையும் மெஷினில் பூஜ்யம். அப்படியென்றால் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அது வேறு இடத்தில் உட்காருகிறது. அலாய் கம்பெனியோடு வந்ததா, பழைய ஓனர் மாற்றியதா?

கீழக்கரை டிடி:
மாற்றியதுதான். டயரில் 1821 என்று இருக்கிறது, 2021-ன் 18-வது வாரம். அலாயும் அப்போதே மாற்றியிருப்பார்.

மணலை எடுத்தேன். இடது முன் சக்கரத்தில் மட்டும் கைப்பிடி அளவு. கழுவிய பிறகு பாதி குறைந்தது, ஆனால் போகவில்லை. செயலியில் 12, 12.5 என்று காட்டுகிறது.

பழைய டார்க் ரெஞ்ச்:
நினைத்தேன். உங்கள் வண்டியின் ஹப் (சக்கரத்தின் நடு ஓட்டை உட்காரும் குமிழ்) விட்டம் 57.1 மி.மீ. வெளி அலாய்கள் பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 போலப் பெரிய ஓட்டையோடு வரும். நடுவில் ஒரு வளையம் போட்டால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். அது இல்லையென்றால் ஒரு பக்கம் கொஞ்சம் தொங்கும். பேலன்சிங் மெஷின் அலாயைக் கோன் போட்டு நடுவில் பிடிக்கிறது, அதனால் அங்கே எப்போதும் பூஜ்யம். வண்டியில் மாட்டியதும் உதறல்.

இதைவிட முக்கியம் போல்ட். கம்பெனி போல்ட்டின் தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கும். வெளி அலாயின் குழி பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டை கூம்பில் முழுதாக உட்காராது, மெல்லிய கோடு அளவுதான் பிடிக்கும், நாளாக நாளாகத் தளரும். குழிக்குள் ஒற்றை வட்டக்கோடு மட்டும் பளபளத்தால் இதுதான். அப்படி இருந்தால் பெங்களூர் வேண்டாம், பரமக்குடிக்குக்கூட எடுக்காதீர்கள்.

கீழக்கரை டிடி:
கோடுதான் இருக்கிறது. இருபது போல்ட்டும் உருண்டை. வளையம் ஒன்றில்கூட இல்லை. இதைப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை.

காயல் மருமகன்:
காக்கா, இந்த நாலு மாதமும் கொட்டகையில் கிடந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள்.

பழைய டார்க் ரெஞ்ச்:
எம்14, 1.5 புரியில் (14 மி.மீ. தடிமன், புரிகளுக்கு இடையே 1.5 மி.மீ.) கூம்புத் தலை போல்ட் வாங்குங்கள். நீளம் முக்கியம்: கையால் முடுக்கும்போது குறைந்தது ஏழெட்டுச் சுற்று போக வேண்டும், பின்னால் எதிலும் இடிக்கவும் கூடாது. ஹப் முகத்தில் உப்புத் துரு இருக்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் கிரீஸ் தடவ வேண்டாம். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே எதிரெதிராகக் கையால் முடுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் (வைத்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பானர்) 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கீழக்கரை டிடி:
போல்ட் மதுரையில் கிடைத்தது. வளையம் நம் அளவுக்குக் கிடைக்கவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் பெரியவர் ஒருவர் அலாயின் ஓட்டையையும் ஹப்பையும் வெர்னியரில் அளந்து, அலுமினியத்தில் நாலு வளையம் கடைந்து கொடுத்தார். "இவ்வளவு சின்னச் சாமானுக்கா இவ்வளவு பெரிய வண்டி நிற்குது" என்று கேட்டுவிட்டு டீ வாங்கித் தந்தார்.

நேற்று மாட்டினேன். 95-ல் ஸ்டீயரிங் அசையவில்லை. 110 வரை பார்த்தேன், ஒன்றுமில்லை.

பழைய டார்க் ரெஞ்ச்:
நல்லது. 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரெஞ்ச் போட வேண்டும், மறக்காதீர்கள்.

கீழக்கரை டிடி:
வெள்ளிக்கிழமை பரமக்குடி டீக்கடை வாசலில் போட்டேன். பத்தொன்பது 'டக்' என்றது, வலது பின்னால் ஒன்று மட்டும் கால் சுற்று வாங்கியது. இதை ஓசூரில் நின்று எழுதுகிறேன். வீட்டுக்காரி தூங்கிவிட்டார்.